யார் இந்த லின்னேயஸ் ட்ரைப்? 1858-லேயே வானத்தோடு மல்லுக்கட்டிய போட்டோகிராபர்!

சாயங்காலம் சிந்தாதிரிப்பேட்டை கூவம் பாலத்தில் நண்பரை நிற்க வைத்து, வெயிலுக்கு எதிரே போட்டோ எடுத்திருக்கீங்களா? முகம் கருப்பாகிடும். முகம் தெரியணும்னு வெளிச்சத்தை ஏத்தினா, பின்னாடி வானம் வெள்ளைத்தாள் மாதிரி ஆகிடும். இதே தலைவலியை 160 வருஷத்துக்கு முன்னாடியே அனுபவிச்சவர்தான் லின்னேயஸ் ட்ரைப்.

யார் இவர்?

1822-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1855-ல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவில் போட்டோகிராபர். பிறகு சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர் ஆனார். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக் கிளம்பியவர், ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் எனச் சுற்றினார்.

என்ன சிக்கல்?

அப்போ பிலிம் கிடையாது. அவர் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். நீல ஒளி பட்டால் அது சீக்கிரம் பதிவாகும். மற்ற நிறங்களுக்கு மந்தம். கோயிலின் கருங்கல் வேலைப்பாடு தெரியணும்னா லென்ஸை நிறைய நேரம் திறந்து வைக்கணும். அதுக்குள்ள வானம் அளவுக்கு மீறிப் பதிவாகி, பிரிண்டில் வெறும் வெள்ளையாக வரும். நேரத்தைக் குறைச்சா வானம் தப்பிக்கும், ஆனா கோபுரம் இருட்டாகிடும்.

எப்படிச் சமாளித்தார்?

கல்லுக்குத் தேவையான நேரத்தைக் கொடுத்தார். வானத்தைப் பிறகு கையால் சரி செய்தார். நெகட்டிவ் மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களைக் கொண்டு வந்தார். இன்று செல்போனில் ஹெச்டிஆர் செய்வதும் கிட்டத்தட்ட இந்த வேலைதான்: கூடுதல், குறைவான வெளிச்சத்தில் பல படங்கள் எடுத்து ஒன்றாக்கிவிடும்.

பெரிய கோயில் கல்வெட்டை 21 பிரிண்டுகளாக ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். 1858-லேயே, சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கூவத்தைத் தாண்டினால் வரும் எழும்பூர் அருங்காட்சியகத்தின் அமராவதி சிற்பங்களையும் படமெடுத்தார். மறு வருஷமே அவற்றில் பல கப்பலேறி லண்டன் போய்விட்டன.

ஏன் நின்றது?

1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், போட்டோ எடுப்பது அரசுக்கு ஆடம்பரச் செலவு என்று கருதினார். 1860-ல் வேலை மூடப்பட்டது. அதன் பிறகு ட்ரைப் பெரிதாகப் படம் எடுக்கவில்லை. 1902-ல் இங்கிலாந்தில் இறந்தார்.

மேகங்கள் அவர் வரைந்தவை. ஆனால் அந்தக் கோயில்கள் 1858-ல் எப்படி இருந்தன என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி. அடுத்த முறை பாலத்தில் நிற்கும்போது நீங்களும் முதலில் முகத்துக்கு வெளிச்சம் கொடுங்க. வானத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.