டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்

மலாக்கா, கிளேபாங் கடற்கரைக்குப் போனவர்கள் அங்கே கரையேறி நிற்கும் நீர்மூழ்கிக் கப்பலைப் பார்த்திருப்பார்கள். அதன் பெயர் உவெசான். 1978-இல் பிரான்ஸ் கடற்படையில் சேர்ந்து 2001-இல் பணி முடித்த கப்பல் அது. பின்னர் நம் நாட்டுக் கடற்படையினர் நீர்மூழ்கிப் பயிற்சி பெற அது பயன்பட்டது. 2011-இல் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இப்போது கிளேபாங்கில் காட்சிப் பொருளாக நிற்கிறது. 67 மீட்டர் நீளமுள்ள அந்த இரும்புக் கூட்டுக்குள் பேட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றிக் கொடுத்தது டீசல் எஞ்சின்தான்.

கிளேபாங்கிலிருந்து உள்ளே போனால், செம்பனைத் தோட்டத்து மண் சாலைகளில் பழைய ஹைலக்ஸ், பஜேரோ, லேண்ட் குரூசர் வண்டிகள் இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. 3 லட்சம், 4 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிகள். மழை நாளில் சேற்று மேட்டில் இழுவை போதவில்லை என்றால், பம்பில் உள்ள திருகைக் கொஞ்சம் திருப்பி எண்ணெயைக் கூட்டச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். வண்டி கொஞ்ச நாள் நன்றாக இழுக்கும். பிறகு கருப்புப் புகையோடு பட்டறையில் படுத்துவிடும்.

டீசல் என்றால் எண்ணெயின் பெயர் என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அது ருடால்ஃப் டீசல் என்ற மனிதரின் பெயர். எஞ்சினுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிய அவர் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டால், பழைய வண்டியில் எதை முதலில் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

பிழைக்கப் போன குடும்பம்

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தந்தை தோல் பொருள்கள் செய்து விற்றார். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும் ஜெர்மானியக் குடும்பங்கள் பாரிசை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே வாழ்க்கை நடத்துவதே சிரமமாக இருந்ததால், 12 வயதுச் சிறுவனை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கணித ஆசிரியராக இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூட்டை முடிச்சோடு இடம் மாறி, உறவினர் வீட்டில் தங்கிப் படித்த பிள்ளைகளின் கதை நம் தோட்டப்புறக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. டீசல் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். 14 வயதில் பொறியியல்தான் தன் வழி என்று முடிவு செய்து பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். உதவித்தொகையோடு மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். 1879-இல் டைபாய்டு காய்ச்சல் வந்து இறுதித் தேர்வு தவறியது. அடுத்த ஆண்டு ஜனவரியில் தேர்வெழுதி மிக உயர்ந்த மதிப்பெண்களோடு வெளியே வந்தார்.

அவருடைய பேராசிரியர், குளிர்பதன இயந்திரங்களில் பெயர் பெற்ற கார்ல் ஃபொன் லிண்டே. நீராவி எஞ்சின், எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது. மீதி எல்லாம் வீண் என்பதை டீசல் அவருடைய வகுப்பில் கற்றார். அந்த வீணைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் அவரை விடவில்லை. படிப்பு முடிந்து லிண்டேயின் நிறுவனத்திலேயே வேலை செய்தார். 1883-இல் மார்த்தாவை மணந்தார். மூன்று பிள்ளைகள். பகலில் குளிர்பதன வேலை, மற்ற நேரத்தில் தன் எஞ்சின் கணக்கு என்று ஆண்டுகள் ஓடின.

நெருப்புப் பொறி இல்லாத எஞ்சின்

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை எல்லாரும் தொட்டுப் பார்த்திருப்போம். காற்றை அழுத்தினால் அது சூடாகும். இந்த வட்டாரத்தில் முற்காலத்து மக்கள் சிறு குழாய்க்குள் தண்டை வேகமாக அடித்து இறக்கிப் பஞ்சில் தீ மூட்டியதும் இதே முறையில்தான். காற்றை மிகக் கடுமையாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எண்ணெய் தானாகத் தீப்பிடிக்கும்படி செய்யலாம் என்பது டீசலின் யோசனை. 1892-இல் காப்புரிமைக்கு மனு செய்து, 1893 பிப்ரவரியில் அதைப் பெற்றார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குரூப் நிறுவனமும் பணம் போட முன்வந்தன.

காகிதத்தில் கணக்கு சரியாக இருந்தது. இரும்பில் வரவில்லை. முதல் எஞ்சினில் பிஸ்டனைச் சுற்றிக் காற்று கசிந்தது. எதிர்பார்த்த அழுத்தம் கிடைக்கவில்லை. 1893 ஆகஸ்ட் 10-ஆம் நாள் முதன்முதலாக உள்ளே எரிபொருளைச் செலுத்தியபோது, அழுத்தம் அளக்கும் கருவியே வெடித்துச் சிதறியது. எரிபொருளை எவ்வளவு, எப்போது, எவ்வளவு நுண்ணிய தூறலாக உள்ளே விடுவது என்பது அடுத்த தலைவலி. சரியாக எரியாதபோது கரிதான் மிஞ்சியது. 1894 பிப்ரவரியில்தான் எஞ்சின் தன் சொந்தச் சக்தியில் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடியது. அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகும் மூன்று ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது.

1897 பிப்ரவரி 17-ஆம் நாள் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் எஞ்சினைச் சோதித்தார். ஆள் உயரத்தைவிடப் பெரிய அந்த ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஏறக்குறைய 20 குதிரைத்திறன் தந்தது. இன்றைய கணக்கில் அது பெரிதல்ல. எரிபொருளின் வெப்பத்தில் 26.2 விழுக்காட்டை வேலையாக மாற்றியதுதான் உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

பழைய வண்டிக்கு அவர் விட்டுச் சென்ற பாடம்

இந்த நான்கு ஆண்டுகளில் டீசல் பட்ட சிக்கல்கள்தாம் 4 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கும் வருகின்றன. ரிங் தேய்ந்து காற்று கசிகிறது, அழுத்தம் குறைகிறது. காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது. நோசல் தேய்ந்து, தூறலாக வர வேண்டிய எண்ணெய் சொட்டாக விழுகிறது. அது முழுதாக எரியாமல் கரியாகிறது.

ஆகவே டீசல் போன வரிசையிலேயே நாமும் போக வேண்டும். முதலில் கம்ப்ரஷன் சோதனை. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் வண்டித் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் மற்ற எந்தச் செலவும் வீண். அடுத்து காற்று: அடைத்துப்போன ஏர் ஃபில்டர், வெடிப்பு விட்ட ரப்பர் குழாய், டர்போவிலிருந்து போகும் வழியில் கசிவு. பிறகு எண்ணெய்: டீசல் ஃபில்டர், நோசல், பம்பின் டைமிங். கடைசியாக வெப்பம்: ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், தண்ணீர்க் குழாய்கள். இவற்றைச் சரிசெய்தாலே, தேய்மானத்தால் தொலைந்துபோன சக்தியில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

புகையின் நிறமும் பேசும். கருப்பு என்றால் காற்றுக்கு மிஞ்சிய எண்ணெய். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் உள்ளே எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால், எரியாத டீசலோ உள்ளே கசியும் தண்ணீரோ காரணமாக இருக்கலாம். கருப்புப் புகை விடும் வண்டியில் பம்ப் திருகைத் திருப்பி இன்னும் எண்ணெய் ஊற்றுவது, வயிறு நிறைந்தவனுக்கு மேலும் சோறு திணிப்பது போலத்தான். எரிக்கக் காற்று இல்லாத எண்ணெய் சக்தியாக மாறாது. வெப்பம் ஏறி, பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் போகும்.

காற்றை அதிகம் திணித்தால் சக்தி கூடும் என்பதும் டீசலுக்குத் தெரிந்திருந்தது. 1896-97-இல் முன்கூட்டியே அழுத்திய காற்றைச் செலுத்திச் சோதித்தார். சக்தி கூடியது, எரிபொருள் சிக்கனம் குறைந்தது. சிக்கனமே தன் நோக்கம் என்பதால் அதை விட்டுவிட்டார். வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே காற்றைத் திணிக்கும் டர்போ முறைக்கு, சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். டர்போ இல்லாத பழைய எஞ்சினில் அதைச் சேர்க்க நினைப்பவர்கள், உள்ளிருக்கும் உறுப்புகள் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். புகைக் குழாயின் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் பொருத்துவது நல்லது. எஞ்சினில் மாற்றம் செய்யும் முன் ஜேபிஜே அனுமதியைப் பற்றி விசாரித்துக்கொள்வதும் அவசியம்.

கடலை எண்ணெயும் செம்பனையும்

1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் டீசல் எஞ்சினுக்கு உயரிய பரிசு கிடைத்தது. அங்கே ஒரு சிறிய டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. தாவர எண்ணெய்க்கும் எதிர்காலத்தில் இடம் உண்டு என்று டீசல் பின்னாளில் பேசியும் எழுதியும் வந்தார். அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1917-இல், சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. 2019 முதல் நம் எண்ணெய் நிலையங்களில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலந்த டீசல் விற்பனைக்கு வந்தது. தோட்டத்து மக்கள் வெட்டிச் சுமந்த குலை அந்த எஞ்சினுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

பயோடீசல் டாங்கியில் படிந்த பழைய அழுக்கைக் கழற்றிவிடும். ஆகவே பழைய வண்டிக்காரர்கள் டீசல் ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். பழைய இயற்கை ரப்பர் குழாய்களும் சீல்களும் அதில் இளகக்கூடும். சமையல் எண்ணெயை அப்படியே டாங்கியில் ஊற்றுவது வேறு கதை. அது கெட்டியானது, நோசலை அடைத்துவிடும்.

சிக்கனத்தின் அருமை இப்போது இன்னும் தெரிகிறது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. கருப்புப் புகையாகப் போகும் ஒவ்வொரு சொட்டும் நம் காசு.

எஞ்சின் வென்றது, மனிதர் சோர்ந்தார்

டீசலின் வாழ்க்கை அத்தனை சீராக ஓடவில்லை. அமெரிக்க உரிமத்தை மட்டும் அடோல்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க்குக்கு வாங்கினார். டீசல் கோடீஸ்வரர் ஆனார். ஆனால் 1898-இல் விற்பனைக்குப் போன முதல் எஞ்சின்கள் பழுதாகின. சில வாடிக்கையாளர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். காப்புரிமை பற்றிய வழக்குகளும் குற்றச்சாட்டுகளும் தொடர்ந்தன. ஓய்வில்லா உழைப்பில் உடல்நலம் கெட்டு, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றார். மியூனிக்கில் பெரிய மாளிகை கட்டினார். நில வியாபாரத்தில் போட்ட பணம் திரும்பவில்லை.

அவர் எஞ்சின் மட்டும் முன்னேறிக்கொண்டே இருந்தது. 1912-இல் டென்மார்க்கின் செலாண்டியா என்ற கப்பல், புகைபோக்கியே இல்லாமல் டீசல் எஞ்சினில் முதல் பயணமாக பாங்காக்கிற்கு வந்தது. மேற்கிலிருந்து வரும் கப்பல்களின் வழி நம் மலாக்கா நீரிணைதான்.

1913 செப்டம்பர் 29-ஆம் நாள் இரவு, ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்து செல்லும் டிரெஸ்டன் கப்பலில் டீசல் ஏறினார். உணவு முடித்து, காலை 6.15-க்கு எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அவரைக் காணவில்லை. அவருடைய தொப்பியும் மேலங்கியும் கப்பல் விளிம்பருகே மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஏறக்குறைய பத்து நாள் கழித்து ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஓர் உடலைக் கண்டார்கள். அதிலிருந்த சிறு பொருள்களை எடுத்துக்கொண்டு, உடலைக் கடலிலேயே விட்டார்கள். அவை தன் தந்தையின் பொருள்கள்தாம் என்று மகன் ஓய்கன் அடையாளம் காட்டினார். டீசலுக்கு வயது 55. வங்கிக் கணக்குகள் ஏறக்குறைய காலியாக இருந்தன. சாவின் காரணம் இன்றுவரை முடிவாகவில்லை.

1924-இல் டீசல் லோரியும், 1927-இல் ராபர்ட் போஷ் நிறுவனத்தின் பம்பும், 1936-இல் மெர்சிடிஸ் டீசல் காரும் வந்தன. அவற்றில் எதையும் பார்க்க அவர் இல்லை. ஓர் எஞ்சினிடம் அதன் அளவுக்கு மேல் கேட்கக்கூடாது என்று நான்கு ஆண்டு பொறுமையாகக் கற்றவர், தன் உடலிடம் மட்டும் அளவுக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தார். பழைய வண்டியானாலும் வயதான உடலானாலும், இன்னும் இழு என்று மிதிப்பதற்கு முன் உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று ஒரு முறை சோதித்துப் பார்ப்பது நல்லது.