பழுப்பு பாட்டிலும் ராமனின் ஒளியும்

கார்த்திகை மாதத்தில் திருவண்ணாமலை உச்சியில் ஏற்றப்படும் மகா தீபத்தைப் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் காண முடியும். ஒளியையே இறைவடிவமாகக் கொண்டாடும் ஊர் அது. கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலை அந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது. அச்சாலையில் சித்திரை வெயிலில் பீர் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி செல்வதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பாட்டில்கள் பழுப்பு நிறமாகவே இருக்கும். அந்த நிறம் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. உள்ளே இருப்பதை ஒளியிடமிருந்து காப்பதற்காக அமைந்தது.

ஒளி கண்ணாடியைக் கடந்து ஒரு திரவத்துக்குள் புகும்போது என்ன நிகழ்கிறது? இந்தக் கேள்வியோடு வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் தமிழ் மண்ணில் பிறந்த சர் சி.வி. ராமன். அவர் மது அருந்தாதவர். பீரைப் பற்றி ஆராய்ந்தவரும் அல்லர். ஆயினும், அவருடைய வாழ்க்கையை இந்தப் பாட்டிலின் அருகில் வைத்துப் பார்த்தால், இன்றைய தமிழகத்துக்கு அவசரமாகத் தேவைப்படும் ஒரு பாடம் கிடைக்கிறது.

வெயில் கெடுக்கும் சுவை

பீருக்குக் கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. பீரில் இயல்பாகவே ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமின் பி2 இருக்கிறது. நீல ஒளி பட்டதும் அந்த வைட்டமின் அதன் ஆற்றலை உள்வாங்கி, ஹாப்ஸின் கசப்புப் பொருள்களைச் சிதையச் செய்கிறது. சிதைந்த துண்டுகள் பீரிலுள்ள கந்தகச் சேர்மங்களுடன் கூடி, தயோல் வகையைச் சேர்ந்த ஒரு நாற்றப் பொருளாக மாறுகின்றன. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி, அவற்றில் சில பங்குகளை மட்டும் ஒரு லிட்டரில் கலந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். நேரடி வெயிலில் இந்த மாற்றம் நிகழச் சில நிமிடங்கள் போதும்.

ஒளி பட்டால் பீர் கெடும் என்பதை 1875-லேயே ஜெர்மானிய வேதியியலர் கார்ல் லின்ட்னர் பதிவுசெய்தார். அதன் வேதியியல் வழிமுறையை அமெரிக்க, பெல்ஜிய ஆய்வாளர்கள் 2001-ல்தான் விரிவாக விளக்கினார்கள். இந்தக் கேட்டை விளைவிப்பது பெரும்பாலும் 350 முதல் 500 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட ஒளி. அதாவது புற ஊதாவின் ஒரு பகுதியும், ஊதாவும் நீலமும். பழுப்புக் கண்ணாடி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. பச்சைக் கண்ணாடி கணிசமான அளவை உள்ளே விடுகிறது. நிறமற்ற கண்ணாடி ஏறத்தாழ முழுவதையும் விட்டுவிடுகிறது. குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தாலும் அங்குள்ள விளக்கொளி பட்டால் சுவை கெடும். ஏனெனில், இங்கே குற்றவாளி வெப்பம் அன்று, ஒளி. பாலிலும் ரிபோஃப்ளேவின் உண்டு. ஒளி ஊடுருவும் கலத்தில் விளக்கொளியில் நெடுநேரம் வைத்த பால், சத்தையும் சுவையையும் இழப்பது அதனால்தான். ஒளியில் சிதையும் மருந்துகள் பழுப்பு பாட்டிலில் வருவதற்கும் இதையொத்த காரணமே உண்டு.

ஆக, பழுப்பு பாட்டில் என்பது ஒரு நிற வடிகட்டி. சூரிய ஒளி, நிறக் கண்ணாடி, அதன் பின்னே ஒரு திரவம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டுதான் ராமன் நோபல் பரிசுக்குரிய கண்டுபிடிப்பை நிகழ்த்தினார்.

கணக்கு அலுவலகமும் ஆய்வுக்கூடமும்

1888 நவம்பர் 7 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார் ராமன். தந்தை சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளரானதால், இளமைக் கல்வி அங்கே அமைந்தது. பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904-ல் இளங்கலைத் தேர்வில் முதலிடமும் இயற்பியலில் தங்கப் பதக்கமும் பெற்றார். 1906-ல், 18 வயதில், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை லண்டனிலிருந்து வெளிவந்த புகழ்பெற்ற இதழொன்றில் இடம்பெற்றது. அதன் பொருளும் ஒளிதான்.

மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்ல அவருடைய உடல்நிலை இடம்தராது என்று மருத்துவர் கூறிவிட்டார். அன்றைய இந்தியாவில் அறிவியலை நம்பி வாழ வழியும் இல்லை. எனவே, நிதித் துறைத் தேர்வு எழுதி, 1907-ல் கொல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியானார். அதே ஆண்டில் லோகசுந்தரியை மணந்தார்.

கொல்கத்தாவின் பவ்பஜார் வீதியில், மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அப்போது ஆய்வாளர்கள் இன்றிக் கிடந்தது. அலுவலகம் தொடங்குவதற்கு முன்பும் முடிந்த பின்பும் ராமன் அங்கே ஆய்வுகள் செய்தார். வயலினும் வீணையும் மிருதங்கமும் எழுப்பும் ஒலியின் இயல்பு அவருடைய தொடக்க கால ஆய்வுப் பொருள்களில் அடங்கும். பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1917-ல் கொல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி வந்தபோது, அதைவிட அதிக ஊதியம் தந்த அரசுப் பணியை உதறிவிட்டு அதை ஏற்றார்.

கடலின் நீலம்

1921-ல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டில் கலந்துகொண்டு நர்குண்டா என்ற கப்பலில் ராமன் தாயகம் திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை நிறுத்தி வைத்தது. கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்று லார்டு ராலே விளக்கியிருந்தார். ராமன் தம்முடன் எடுத்துச்சென்றிருந்த சிறு நிக்கல் பட்டகத்தைக் கொண்டு, நீர்ப்பரப்பில் பிரதிபலித்து வரும் ஒளியை அகற்றிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னிலும் தெளிவாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவுசெய்தார். கப்பல் பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தபோது கட்டுரை அனுப்புவதற்குத் தயாராக இருந்தது.

அடுத்த ஏழு ஆண்டுகள் திரவங்களுக்குள் ஒளி சிதறுவதை ஆராய்வதிலேயே கழிந்தன. அவருடைய மாணவர் கே.ஆர். ராமநாதன், சிதறிய ஒளியில் எதிர்பாராத ஒரு மங்கலான நிறம் கலந்திருப்பதை 1923-ல் கவனித்தார். திரவத்திலுள்ள மாசு காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. எவ்வளவு தூய்மைப்படுத்தினாலும் அந்த ஒளி போகவில்லை. 1928-ன் தொடக்கத்தில், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து ராமன் இதற்கு ஒரு முடிவு காண முனைந்தார்.

அவர்கள் செய்த சோதனை எளிமையானது. தொலைநோக்கியின் வில்லையால் சூரிய ஒளியைக் குவித்தார்கள். அதை நீல ஊதா வடிகட்டி வழியாகச் செலுத்தி, தூய திரவம் நிரம்பிய கண்ணாடிக் குடுவையில் விழச் செய்தார்கள். பக்கவாட்டில் சிதறி வந்த ஒளியைப் பச்சை வடிகட்டி வழியாகப் பார்த்தார்கள். முதல் வடிகட்டி விடும் நிறத்தை இரண்டாவது வடிகட்டி விடாது. ஆகவே, திரவம் ஒளியின் நிறத்தை மாற்றாமல் சிதறடித்தால் கண்ணுக்கு இருளே தெரிய வேண்டும். ஆனால், ஒளி தெரிந்தது. ஏறத்தாழ 60 திரவங்களில் இவ்வாறே தெரிந்தது.

1928 பிப்ரவரி 28 அன்று நிறமாலைகாட்டியின் மூலம் அந்தப் புதிய ஒளி தனித்துப் பிரிந்து நிற்பதை ராமன் கண்டார். ஒளி மூலக்கூறின் மீது மோதும்போது தன் ஆற்றலில் ஒரு சிறு பகுதியை அதனிடம் கொடுத்துவிட்டு, நிறம் மாறி வெளியேறுகிறது. எவ்வளவு கொடுக்கிறது என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறுபடும். எனவே, வெளிவரும் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் பொருள் எதுவென்று சொல்லிவிடலாம். அதுவே ராமன் விளைவு. 1929-ல் சர் பட்டமும், 1930-ல் நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தன. அறிவியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவர்.

பெங்களூரில் பிற்காலம்

1933-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அப்பதவியை வகித்த முதல் இந்தியரும் அவரே. 1934-ல் இந்திய அறிவியல் அகாதெமியை நிறுவினார். நிர்வாகப் பூசல்களால் 1937-ல் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகி, பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார்.

அந்தக் காலத்தில் அவர்மீது படிந்த ஒரு கறையையும் மறைக்கலாகாது. கமலா சோஹோனி என்ற மாணவி முதலிடம் பெற்று வந்தும், பெண் என்பதற்காக அவரைச் சேர்க்க ராமன் மறுத்தார். அவர் விடாப்பிடியாகப் போராடிய பின்பே, நிபந்தனைகளுடன் அனுமதி தந்தார். தம் திறனை நிறுவிக்காட்டிய சோஹோனி, பிற்காலத்தில் பனை மரத்திலிருந்து கிடைக்கும் நீராவின் சத்துகளை ஆராய்ந்து குடியரசுத் தலைவர் விருது பெற்றார்.

1948-ல் தமக்கென ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தை ராமன் அமைத்தார். 1954-ல் பாரத ரத்னா விருது பெற்றார். வயிரத்தின் ஒளிர்வு, பூக்களின் வண்ணம், நிறங்களைக் கண் உணரும் விதம் என்று இறுதிவரை ஒளியையே தொடர்ந்தார். 1970 நவம்பர் 21 அன்று மறைந்தார். அவர் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தின் தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது.

மூடியைத் திறக்காமல் ஒரு சோதனை

ராமன் வாழ்ந்த காலத்தில் இந்த ஆய்வுக்குப் பெரிய கருவிகளும் நீண்ட நேரமும் தேவைப்பட்டன. ராமன் ஒளி மிக மங்கலானது என்பதே காரணம். 1960-ல் லேசர் பிறந்த பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. இன்று கையில் எடுத்துச்செல்லும் அளவுக்கு ராமன் கருவிகள் வந்துவிட்டன.

இங்கே பாட்டிலின் நிறம் மறுபடியும் குறுக்கிடுகிறது. நிறக் கண்ணாடியும் நிறமுள்ள மதுவும் லேசர் பட்டதும் தாமே ஒளிர்ந்து, மங்கலான ராமன் ஒளியை மூழ்கடித்துவிடக்கூடும். அதற்குத் தீர்வாகக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பை ஒட்டிய லேசர் பயன்படுகிறது. நீலத்தைத் தடுக்கும் பழுப்புக் கண்ணாடி அந்த ஒளிக்கு வழிவிடுகிறது. லேசர் விழும் இடத்திலிருந்து சற்று விலகிய புள்ளியில் ஒளியைச் சேகரித்தால், கண்ணாடியின் குறுக்கீட்டை ஒதுக்கி, உள்ளிருக்கும் திரவத்தைப் பற்றி மட்டும் அறியலாம் என்ற உத்தியைப் பிரிட்டன் ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்டார்கள். அந்த முறையில் இயங்கும் கையடக்கக் கருவியைக் கொண்டு, மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் மதுவில் மெத்தனால் கலந்திருப்பதைக் கண்டறிய முடியும் என்று மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் காட்டினார்கள்.

மெத்தனால் என்ற சொல் தமிழகத்துக்குப் புதிதன்று. 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் அது உயிர்களைப் பறித்தது. 2024 ஜூனில், திருவண்ணாமலை மாவட்டத்தை ஒட்டியுள்ள கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கண்ணுக்கும் நாக்குக்கும் மெத்தனாலும் எத்தனாலும் ஏறத்தாழ ஒன்றே. குடித்தவரின் உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கிய பிறகே வேறுபாடு தெரியவருகிறது. ஆனால், ராமன் நிறமாலையில் இரண்டும் வெவ்வேறு இடங்களில் கோடு வரைகின்றன. கெட்டுப்போன பீரை மூக்கு காட்டிக்கொடுக்கும். மெத்தனாலைக் காட்டிக்கொடுக்க ஒரு கருவி வேண்டும்.

கருவி வாங்கிவிட்டால் கள்ளச்சாராயம் ஒழிந்துவிடும் என்று யாரும் கூறமாட்டார்கள். அது வறுமையும் குடிநோயும் ஊழலும் சேர்ந்து உருவாக்கும் கேடு. பாக்கெட் சாராயம் எந்தச் சோதனைச் சாவடியையும் தேடி வரப்போவதில்லை. இத்தகைய கருவிகளின் விலை அதிகம். குறைந்த அளவிலான கலப்படத்தை உறுதிசெய்ய ஆய்வகச் சோதனையும் தேவை. ஆயினும், முதல் நோயாளி மருத்துவமனைக்கு வரும் நேரத்தில், அவர் குடித்த பாக்கெட்டின் மிச்சத்தைச் சில நிமிடங்களில் சோதித்துவிட முடிந்தால் இரண்டு நன்மைகள் உண்டு. மாற்று மருந்தை உடனே தொடங்கலாம். அதே சரக்கை மற்றவர்கள் குடிக்கும் முன் ஊரை எச்சரிக்கலாம். கள்ளக்குறிச்சியில் முதல் மரணங்களுக்கான காரணம் உறுதியாவதற்குள் கடந்துபோன நேரத்தின் விலை என்ன என்பதை நாம் அறிவோம்.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 28-ஐ தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். பள்ளிகளில் பேச்சுப் போட்டிகள் நடக்கின்றன. ராமனின் படத்துக்கு மாலை விழுகிறது. சாராய மரணங்களுக்கு இலக்காகும் மாவட்டங்களின் அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் தடய அறிவியல் ஆய்வகங்களிலும் ஆளுக்கொரு ராமன் கருவியும், அதை இயக்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்க வேண்டும். முதலில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களிலாவது அரசு இதைத் தொடங்கலாம். அடுத்த அறிவியல் நாளுக்குள் அது நடந்தால், ராமனுக்குச் செய்யும் சிறப்பு மாலையோடு நின்றுவிடாது.