தகரக் கொட்டகையில் உருவான அகராதி

இன்டர்வியூன்னாலே நம்மில் பலருக்கு உள்ளூர ஒரு பயம். பதில் தெரியும்; அதை இங்கிலீஷில் சொல்ல வார்த்தைதான் வராது. தமிழ் மீடியத்தில் படித்து டிப்ளமோவுக்கு வந்த நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். அந்த மொழிக்கே மாபெரும் அகராதி தந்தவர் 14 வயதில் பள்ளியை விட்டவர் என்று படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் ஜேம்ஸ் மர்ரே. 1837-இல் ஸ்காட்லாந்தின் டென்ஹோம் என்ற சிற்றூரில் ஒரு தையற்காரருக்கு மகனாகப் பிறந்தார். மேலே படிக்க வைக்க வீட்டில் வசதியில்லை. ஆனால் படிப்பை அவர் விடவில்லை. மொழி மொழியாகத் தானே கற்றார். 17 வயதில் உதவி ஆசிரியர் ஆனார். பிறகு திருமணம், பிறந்த குழந்தை இறந்தது. காசநோய் கண்ட மனைவிக்காக லண்டன் வந்து பேங்க் கிளார்க் ஆனார். ஓராண்டுக்குள் மனைவியும் போய்விட்டார். மறுமணம் செய்துகொண்டு, மீண்டும் ஆசிரியர் ஆனார்.

1879-இல் ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர் பொறுப்பு வந்தது. பத்தே வருஷத்தில் முடிப்பதாகத் திட்டம். ஒரு சொல் முதன்முதலில் எப்போது எழுதப்பட்டது, அதன் பொருள் எப்படியெல்லாம் மாறியது என்று நூல்களிலிருந்து ஆண்டோடு சான்று காட்ட வேண்டும். ஏராளமான வாசகர்கள் சீட்டுகளில் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். வீட்டுத் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை; உள்ளே சீட்டுகளை அடுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு அறைகள். குளிர் தாங்காமல் கால்களைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வேலை பார்த்தாராம்! அவருடைய 11 பிள்ளைகளும் கைச்செலவுக் காசுக்காகச் சீட்டு பிரித்துக் கொடுத்தார்கள்.

ஐந்து வருஷம் உழைத்து 1884-இல் வெளிவந்த முதல் பகுதி எதுவரை தெரியுமா? 'ஏ' எழுத்தில், எறும்பைக் குறிக்கும் 'ஆன்ட்' வரைதான்! எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது இவருக்குத்தான் எவ்வளவு பொருத்தம்!

அவர் தொகுத்த 'சி' எழுத்தில் நம்ம கட்டுமரம் 'கேட்டமரான்' ஆகவும், சுருட்டு 'செரூட்' ஆகவும் உட்கார்ந்திருக்கின்றன. இங்கிலீஷ் வார்த்தை எல்லாமே நமக்கு அந்நியம் இல்லை, பார்த்தீர்களா?

1908-இல் 'சர்' பட்டம் பெற்ற மர்ரே, 'டி' எழுத்தில் வேலை நடக்கும்போதே 1915-இல் காலமானார். உடன் உழைத்தவர்கள் 1928-இல் முடித்தார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்த முழு அகராதியை அவர் கண்ணால் பார்க்கவில்லை. அது எனக்கு வருத்தம்தான். ஆனால் கிட்டத்தட்ட பாதி அவர் கையால் ஆனது.

பயப்படும் நண்பர்களுக்கு அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட வழியைச் சொல்கிறேன். தினம் ஒரு சொல். அதற்கு ஒரு சீட்டு. மூன்று வருஷ டிப்ளமோ முடியும்போது ஆயிரம் சீட்டு சேர்ந்துவிடும். நான் ஆரம்பித்துவிட்டேன். நீங்க?