கப்பலுக்குக் கோடு போட்டவர்

துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பலின் பக்கவாட்டைப் பாருங்கள். நடுப்பகுதியில் ஒரு வட்டம் தெரியும். அதன் அகலம் சுமார் 1 அடி. வட்டத்தின் குறுக்கே ஒன்றரை அடி நீளத்தில் ஒரு கோடு.

இந்தக் கோட்டுக்காக ஒரு மனிதர் பார்லிமெண்டையே கலக்கிவிட்டார். அவர் பெயர் சாமுவேல் பிளிம்சால்.

வியாபாரத்தில் நொடித்தார்

பிளிம்சால் 1824-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். பீர் ஆலையில் குமாஸ்தாவாக இருந்து மானேஜர் ஆனார். பிறகு லண்டனில் நிலக்கரி வியாபாரம் தொடங்கினார். 1855-ல் அது நொடித்தது. கூலிக்காரர்கள் தங்கும் மலிவு விடுதியில், வாரம் 8 ஷில்லிங்குக்கும் குறைவாகச் செலவழித்துக் காலம் தள்ளினார். ஏழைகளின் பாட்டை அங்கேதான் நேரில் கண்டார்.

மீண்டும் தலை தூக்கிய பிளிம்சால், 1868-ல் டெர்பி தொகுதியில் ஜெயித்துப் பார்லிமெண்டு மெம்பர் ஆனார்.

சவப்பெட்டிக் கப்பல்

அந்தக் காலத்தில் கப்பலில் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்பதற்குக் கணக்கே இல்லை. ஓட்டைக் கப்பலிலும் சரக்கைத் திணித்து அனுப்பினார்கள். கப்பல் முழுகினால் முதலாளிக்கு இன்சூரன்சு பணம் வரும். மாலுமியின் வீட்டில்தான் தாலி அறும்!

வேலைக்குக் கையெழுத்துப் போட்ட மாலுமி, பயந்துபோய்க் கப்பலில் ஏற மறுத்தால் அவனுக்குச் சிறை. இது என்ன நியாயம்?

1873-ல் பிளிம்சால் இந்தக் கொடுமையைப் புத்தகமாக எழுதினார். நாடே கொதித்தது. கப்பல் முதலாளிகள் அவர் மீது அவதூறு வழக்குப் போட்டார்கள்.

1875 ஜூலை 22. கப்பல் மசோதாவை இந்த ஆண்டு கைவிடுவதாகப் பிரதமர் டிஸ்ரேலி அறிவித்தார். பிளிம்சாலுக்கு ஆத்திரம் பொங்கியது. சபாநாயகர் முன் கை முஷ்டியை ஆட்டி, மெம்பர்களைக் கண்டபடி வைதார். ஒரு வாரம் கழித்து, வைததற்கு மன்னிப்புக் கேட்டார். சொன்ன உண்மைகளை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

ஜனங்கள் அவர் பக்கம் நின்றார்கள். 1876-ல் சட்டம் வந்தது.

எங்கே போடுவது?

சட்டம் வந்தும் ஒரு ஓட்டை. கோடு போட வேண்டும் என்றார்களே தவிர, எந்த உயரத்தில் என்பதை முதலாளியின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். ஒரு காப்டன் அதைப் புகைபோக்கியிலேயே வரைந்தார் என்று கதை உண்டு! 1890-ல் வந்த சட்டம்தான், அளந்து இடம் குறிக்கும் அதிகாரத்தை முதலாளியின் கையிலிருந்து பிடுங்கியது.

எல்லாக் கடலுக்கும் ஒரே கோடு சரிப்படுமா? சரிப்படாது. குளிர்காலக் கடல் கொந்தளிக்கும். ஆகவே குளிர்காலக் கோடு கீழே. அமைதியான வெப்பக் கடலுக்கு உரிய கோடு மேலே. இந்தியக் கடல்களுக்கென்றே முன்பு தனிக் கோடு இருந்தது. வட அட்லாண்டிக் குளிர் பொல்லாதது. அங்கே போகும் சிறிய கப்பல்களுக்கு இன்னும் 2 அங்குலம் கீழே கோடு.

கொல்கத்தா போன்ற ஆற்றுத் துறைமுகத்தில் வேறு கணக்கு. உப்பு நீரை விட நல்ல தண்ணீர் இலேசானது. அதில் கப்பல் கூடுதலாக அமிழும். கடலுக்கு வந்ததும் தானே மேலே எழும். அதனால் அங்கே வட்டத்தின் கோடு முழுகினாலும் குற்றமில்லை. மேலே உள்ள நன்னீர்க் கோடு முழுகக் கூடாது.

புறப்படும் இடத்தில் கோடை, போகும் வழியில் குளிர் என்றால்? குளிர்ப் பகுதியில் நுழையும்போது குளிர்காலக் கோடு முழுகியிருக்கக் கூடாது. அதுவரை எரிந்து தீரும் எண்ணெயின் எடையைக் கழித்துக் கொள்ளலாம்.

பிளிம்சால் 1898-ல் போக்ஸ்டன் நகரில் காலமானார். 1930-ல் பல நாடுகள் கூடி இந்தக் கோட்டை ஒப்புக்கொண்டன. இங்கிலாந்தில் கான்வாஸ் செருப்புக்கும் அவர் பெயர்தான். அதன் ரப்பர் பட்டை கப்பலின் கோட்டைப் போலவே சுற்றி ஓடும். அந்தப் பட்டைக்கு மேல் தண்ணீர் ஏறினால் கால் நனைந்துவிடும்!