கரும்பை ஆராய்ந்தவர், காட்டைக் காக்க நின்றவர்: டாக்டர் ஜானகி அம்மாள்

பைராம் தோட்டம் அமைந்துள்ள நிபோங் திபால் வட்டாரத்தில் ரப்பரும் செம்பனையும் வருவதற்கு முன் கரும்புதான் முக்கியப் பயிர். 19ஆம் நூற்றாண்டில் நம் முன்னோர் பலர் தென்னிந்தியாவிலிருந்து இங்கு அழைத்து வரப்பட்டது கரும்புத் தோட்ட வேலைக்குத்தான். அந்தக் கரும்பை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற பெண்மணி டாக்டர் இ.கே.ஜானகி அம்மாள். அவரது வாழ்க்கையை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில் அவர் பிறந்தார். தந்தை நீதித்துறையில் பணியாற்றியவர். வீடு நிறையப் பிள்ளைகள். சகோதரிகளுக்கு ஒவ்வொருவராகத் திருமணம் நடக்க, ஜானகி படிப்பைத் தேர்ந்தெடுத்தார். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, பெண்கள் கிறிஸ்துவக் கல்லூரியில் ஆசிரியையானார். பிறகு உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். 1931இல் அங்கு டாக்டர் பட்டம் பெற்றார். திருவனந்தபுரத்தில் இரண்டாண்டுகள் பேராசிரியையாகவும் இருந்தார்.

1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். இனிப்பு மிகுந்த கரும்பு, நோயையும் வறட்சியையும் எளிதில் தாங்காது. ஆற்றங்கரையில் தானாக வளரும் பேய்க்கரும்பு எதையும் தாங்கும். ஆனால் அதில் இனிப்பில்லை. இரண்டையும் கலந்து புதிய ரகங்களை உருவாக்கிய நிலையம் அது. ஒன்றின் மகரந்தத்தை எடுத்து மற்றொன்றின் பூவில் சேர்க்கும் வேலை. 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து வண்டு வரவழைக்கப்படும் வரை, நம் செம்பனைத் தோட்டங்களிலும் தொழிலாளர்கள் கையால்தான் மகரந்தம் தூவினார்கள். அந்த வேலைக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும்.

எந்தச் செடி எதனோடு சேரும், ஏன் சேரும் என்பதை ஜானகி அம்மாள் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணிக் கண்டறிந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூட இணைத்துக் காட்டினார். ஆனால் பெண் என்பதாலும், தாழ்ந்ததாகக் கருதப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்பதாலும் ஆய்வு உலகில் அவர் பட்ட சிரமங்கள் கொஞ்சமல்ல.

1939இல் மாநாட்டுக்காக பிரிட்டன் சென்றார். உலகப் போர் மூண்டதால் அங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். 1945இல் டார்லிங்டன் என்ற அறிஞருடன் இணைந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் விவரங்களைத் திரட்டிப் பெரிய நூலாக வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் அவர் பணியாற்றியதன் நினைவாக ஒரு மக்னோலியா மர வகை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1951இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையைச் சீரமைக்கும் பொறுப்பேற்றார். 1955இல் மனிதன் பூமியை எப்படி மாற்றுகிறான் என்பதை ஆராய அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த கருத்தரங்கில், பேச அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர்தான். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அந்த 1970களில் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், அமைதிப் பள்ளத்தாக்கு வழியே ஓடும் குந்திப்புழா ஆற்றில் மின்சார அணை கட்டத் திட்டமிட்டார்கள். சிங்கவால் குரங்குகள் வாழும் மழைக்காடு நீரில் மூழ்கும் நிலை. 80 வயதை நெருங்கிய ஜானகி அம்மாள் எதிர்ப்பாளர்களோடு நின்றார். அக்காட்டுச் செடிகளின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் முனைந்தார்.

கரும்புக்காக உழைத்தவருக்குக் காட்டின் மீது ஏன் இந்த அக்கறை? பேய்க்கரும்பு இல்லாமல் கோயம்புத்தூரின் புதிய கரும்பு ரகங்கள் வந்திருக்காது. யாரும் நடாத, யாரும் விலை பேசாத செடிதான் பயிரைக் காப்பாற்றியது. காட்டோடு அழியும் செடியை எந்த ஆய்வுக்கூடமும் திரும்ப உருவாக்க முடியாது.

இறுதிக் காலத்தில் சென்னைக்கு அருகே மதுரவாயலில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எளிமையாக வாழ்ந்து ஆய்வைத் தொடர்ந்தார். 1984 பிப்ரவரி 7ஆம் தேதி அங்கேயே காலமானார். அணைத் திட்டம் கைவிடப்பட்ட செய்தி அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை, காடு இருக்கிறது.