யாழ்நூல் தந்த அடிகளார்

யாழினாற் பெயர் பெற்ற நாடு எம்முடையது. கண்ணொளி இழந்த பாணன் ஒருவன் அரசன் முன்னிலையில் யாழ் வாசித்து, இம்மணற்றிடரைப் பரிசிலாகப் பெற்றான் என்பது வழிவழியாக வழங்கிவருங் கதை. அக்கதையின் உண்மை எவ்வாறாயினும் ஆகுக. யாழ்ப்பாணத்தார் என்று பெருமை பேசும் எம்மவரில் யாழைக் கண்ணாற் கண்டார் எத்துணைப் பேர்? அதன் ஓசையைக் காதாற் கேட்டார் எத்துணைப் பேர்? இலச்சினையிலும் ஓவியத்திலும் அதனைக் கண்டுள்ளோம். பழைய நூல்களில் அதன் பெயரைப் படித்துள்ளோம். கற்பிப்பாரும் கற்பாரும் அற்றுப்போன காலத்து அக்கருவி வழக்கொழிந்தது. அதன் இலக்கணத்தையேனும் மீட்டுத் தருதல் வேண்டும் என்று தம் வாழ்நாளின் பிற்பகுதியைச் செலவிட்ட ஈழத்துத் துறவி ஒருவரின் வரலாற்றைக் கல்லூரி விழா மலரில் நினைவுகூர்தல் தக்கதென எண்ணினோம். அவரே யாழ்நூல் ஆசிரியர் விபுலாநந்த அடிகள்.

பிறப்பும் கல்வியும்

தீவுப்பகுதியோராகிய எமக்குக் காரைதீவு என்றவுடன் காரைநகரே நினைவுக்கு வரும். அடிகள் பிறந்த காரைதீவு அஃதன்று. கீழ் மாகாணத்தில், கல்முனைக்குத் தெற்கே, கடலோரத்தில் உள்ள ஊர் அது. அங்கு 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். ஊர்த் திண்ணையில் குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் தமிழின் அடிப்படையைக் கற்றார். பின்னர் கல்முனையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். அக்கல்லூரியில் கணிதத்திலே அவர் காட்டிய கூர்மை ஆசிரியர்களால் நன்கு மதிக்கப்பட்டது.

பின்பு கொழும்பிலே ஆசிரியர் பயிற்சி பெற்றார். எம்போல்வார் இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பிற்காலத்திற் பல்கலைக்கழகங்கள் இரண்டில் முதற் பேராசிரியராக வீற்றிருந்த பெரியார், எம்மைப்போல ஒரு பயிற்றப்பட்ட ஆசிரியராகவே தம் பணியைத் தொடங்கினார். கொழும்பில் இருந்த காலத்தில் தென்கோவை கந்தையாபிள்ளையிடம் தமிழ் கற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறி, ஈழத்திலிருந்து அப்பட்டம் பெற்றவருள் முதல்வரானார். அதே காலத்திற் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானமும் பயின்றார். ஒரு கையிற் சங்கநூலும் மறுகையிற் பௌதிகநூலும் ஏந்தி நடந்த இளைஞர் அவர். இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்தமையின் பயனைப் பின்னர்க் காண்போம்.

யாழ்ப்பாணத்தில் அவர் வாழ்ந்த காலமும் குறிப்பிடத்தக்கது. 1917இல் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்ற பின், 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். அங்ஙனம் உயர்ந்த பதவியிலும் அவர் மனம் நிலைத்து நிற்கவில்லை. 1922இற் சென்னை சென்று மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்தார். 1924ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையன்று துறவு பூண்டு விபுலாநந்தர் என்னும் பெயர் பெற்றார்.

துறவு பூண்டவர் பள்ளிக்கூடத்தைத் துறந்தாரல்லர். 1925இல் ஈழத்துக்கு மீண்டு, இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளை மேற்பார்வை செய்தார். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணை வைத்தீசுவர வித்தியாலயமும் அவர் பணியால் நலம் பெற்றது. 1929இல் மட்டக்களப்பைச் சார்ந்த கல்லடி உப்போடையிலே சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

அண்ணாமலைநகரில்

1931இல் அடிகளின் வாழ்விலே ஒரு திருப்பம் நேர்ந்தது. செட்டிநாட்டு அரசர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்திலே 1929இல் நிறுவிய பல்கலைக்கழகம், தமிழுக்கு ஒரு பேராசிரியரை நாடியது. அடிகளே அப்பீடத்துக்கு முதல்வராக அழைக்கப்பட்டார். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்த அவர், அண்மையிலுள்ள திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டுதலையும் தம் கடனாகக் கொண்டார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அங்கே இசைக்கல்லூரியும் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாயிற்று. அதுகாறும் இசையென்பது ஆசிரியன் வீட்டுத் திண்ணையிலும் கோயில் முன்றிலிலும் கற்கப்பட்ட கலை. கணிதமும் தத்துவமும் கற்பிக்கும் மாடங்களுக்கு அருகே அதற்கும் ஒரு மாடம் எழுந்தமை சிறு செயலன்று. தஞ்சை நால்வர் மரபில் வந்த பொன்னையாபிள்ளை போன்ற இசைப்புலவர் அங்கு ஆசிரியராய் விளங்கினர். கைப்பழக்கத்தாற் கலையை அறிந்தவரும் ஏட்டுப் பழக்கத்தால் நூலை அறிந்தவரும் ஓரிடத்திற் கூடி அளவளாவுதற்கு வாய்ப்பு ஏற்பட்டது. அடிகளின் இசையாராய்ச்சி வேரூன்றியது இச்சூழலிலேயாம்.

1933இல் அடிகள் அப்பதவியை நீங்கினார். ஆராய்ச்சி அவரை நீங்கவில்லை. 1936இற் சென்னைப் பல்கலைக்கழகத்திற் பழந்தமிழிசை பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அதே ஆண்டிற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குந் தலைமை தாங்கினார். பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்திற் சிலகாலம் தங்கி, பிரபுத்த பாரத என்னும் ஆங்கில மாசிகையின் ஆசிரியராகக் கடமையாற்றினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். இடங்கள் மாறின, ஏற்ற பணிகள் மாறின, யாழ் பற்றிய சிந்தனை மாறவில்லை.

யாழ்நூல் கூறுவது

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையில் யாழாசிரியனின் அமைதி கூறும் இருபத்தைந்து அடிகள் உள. அவற்றுக்கு விரிவுரை காணப் புகுந்த முயற்சியே யாழ்நூலாய் வளர்ந்தது. ஈண்டு எம் குறையொன்றை ஒளியாது கூறுவோம். தமிழாசிரியராய் அமர்ந்த நாள்தொட்டுப் பல்லாண்டு யாம் அவ்வடிகளுக்குப் பதவுரை மாத்திரம் கூறி அப்பாற் சென்றோம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழும் இசையின் பெயர் என எழுதுவித்தோம். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, இளி என்றால் எப்படி ஒலிக்கும் ஐயா என்று வினவினான். எமக்கு விடை தெரிந்திலது.

விடுமுறையில் எம் ஊராகிய இறுப்பிட்டிக்குச் சென்றபோது யாழ்நூலை எடுத்துச் சென்று பனை நிழலிலிருந்து படித்தோம். முதன்முறை விளங்கவில்லை. இரண்டாம் முறை, தாளும் பென்சிலுங் கொண்டு கணக்கிட்டுப் படித்தபோது சிறிது விளங்கிற்று. மீண்டும் பாடசாலை தொடங்கியதும், விஞ்ஞான ஆசிரியரிடம் சுரமானியை இரவலாகப் பெற்று வகுப்பறைக்குக் கொண்டுவந்தோம். 90 சென்ரிமீற்றர் நீளமுள்ள கம்பியை மீட்டி, அதுவே குரல் என்றோம். இழுவிசையை மாற்றாது, நீளத்தை மூன்றில் இரண்டு பங்காக்கி 60 சென்ரிமீற்றரில் மீட்டினோம், இளி பிறந்தது. அந்த 60இல் மூன்றில் இரண்டு பங்கு 40. நீளத்தை இரட்டித்தால் அதே இசை ஒரு தானம் தாழ்ந்து ஒலிக்கும், ஆகவே 80இல் மீட்டினோம், துத்தம் பிறந்தது. இம்முறையே செல்ல விளரியும் கைக்கிளையுந் தோன்றின. வினவிய மாணவன் முகத்தில் அன்று தோன்றிய மலர்ச்சி எமக்கு ஒரு பாடமாயிற்று. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையதெனப் போற்றும் சொல்லொன்று அவன் செவியில் ஓசையாய் விழுந்தது.

இதுவே அடிகள் கையாண்ட நெறி. இசையிலக்கணத்தைப் புராணமாகக் கொள்ளாது, அளந்தறியக்கூடிய அறிவாகக் கொண்டார். குரல் முதலிய ஏழுக்கும் முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என அலகு வகுக்கப்பட்டுள்ளது. கூட்டினால் 22 ஆகும். குரலிலிருந்து உழை 9 அலகில் நிற்கும். இளி 13 அலகில் நிற்கும். இத்தொகைகளின் காரணத்தைக் கணிதத்தால் ஆராய்ந்தார். ஒரு பாலையின் நரம்புகளை மாற்றாமலே, தொடங்கும் நரம்பை மாற்றுவதால் வேறு பாலைகள் பிறக்குமாற்றை விளக்கினார். பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பவற்றின் உறுப்புக்களையும் உருவையும் நூற்சான்றும் சிற்பச்சான்றுங் கொண்டு ஆராய்ந்தார். நூற்றுமூன்று பண்களின் வகுப்பையும் தேவாரப் பண்களின் இயல்பையும் காட்டினார். பாயிரவியல் தொடங்கி ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களில் இவை அமைந்துள்ளன.

அடிகளுக்கு முன்னரும் இத்துறையில் உழைத்தார் உளர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இற் கருணாமிர்தசாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டு, அலகு இருபத்துநான்கு என நாட்டினார். அடிகள் இருபத்திரண்டு என்றே கொண்டார். அடிகளின் முடிபுகள் அனைத்தையும் பின்வந்த ஆராய்ச்சியாளர் ஏற்றனர் என்றுங் கூறுதற்கில்லை. பழைய பாலைகள் இக்காலத்து எவ்விராகங்களாகும் என்பதிற் கருத்து வேற்றுமை இன்றும் உண்டு. அதனால் நூலின் பெருமை குன்றாது. வாதிடுதற்கு உரிய வகையில் அளவையும் சான்றையும் முன்வைத்தாரே, அதுவே அறிஞர்க்கு அழகு. புகழ்ச்சியை மறுத்தல் இயலாது. கணக்கைச் சரிபார்த்தல் இயலும்.

அரங்கேற்றமும் மறைவும்

நூலை முடித்தற்குப் புதுக்கோட்டையிலே கோனூர் சமீன்தார் சிதம்பரம் செட்டியார் இடமும் பொருளும் உதவினார். கரந்தைத் தமிழ்ச்சங்கம் நூலை வெளியிட முன்வந்தது. 1947ஆம் ஆண்டு சூன் மாதம் 5ஆம், 6ஆம் நாள்களில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றம் நடைபெற்றது.

அத்தலத்தின் வரலாறு தீவுப்பகுதியோர் மனத்தைத் தொடுவது. ஆறு பெருக்கெடுத்தமையால் ஓடக்காரர் ஓடத்தை விட்டகன்றனர். அவ்வேளை திருஞானசம்பந்தர் அடியாருடன் ஓடத்தில் ஏறித் தமிழ் பாட, அப்பாட்டே துடுப்பாக ஓடம் அக்கரை சேர்ந்தது என்பது அங்கு வழங்கும் வரலாறு. குறிகட்டுவான் துறையிற் காற்று அடங்கும்வரை காத்திருந்து பழகிய எம்மவர்க்கு அதன் அருமை கூறவேண்டா. கரைசேராது தத்தளித்த தமிழிசையாகிய ஓடத்தைச் செலுத்திய நூல் அங்கே அரங்கேறியமை எத்துணைப் பொருத்தம்!

நூலிற் கூறிய இலக்கணப்படி அமைக்கப்பட்ட முளரியாழ் முதலிய கருவிகள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. பொன்னையாபிள்ளையின் மைந்தர் சிவானந்தம் யாழை இசைத்து அவையினரை மகிழ்வித்தார். ஏட்டில் மாத்திரம் இருந்த பெயர் ஓசையாக எழுந்த நாள் அது. அடிகள் அப்போது உடல் நலிவுற்றிருந்தார். ஏறக்குறைய ஆறு கிழமை கழிந்து, சூலை மாதம் 19ஆம் நாள் கொழும்பில் இறைவனடி சேர்ந்தார். அகவை ஐம்பத்தைந்து. அவர் திருமேனி மட்டக்களப்புக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவர் நிறுவிய சிவாநந்த வித்தியாலய வளவிலே அடக்கஞ் செய்யப்பட்டது. தம் மாணவர் ஓடியாடும் நிலத்திலேயே அவ்வாசிரியர் துயில்கின்றார்.

எம் கடன்

அடிகளின் பெயரால் 1982இல் மட்டக்களப்பில் ஓர் இசை நடனக் கல்லூரி எழுந்தது. இன்று அது சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாகக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பகுதியாய் அமைந்து, இசைக்கும் நடனத்துக்கும் பட்டக்கல்வி வழங்குகின்றது. எம் யாழ்ப்பாணத்திலும் 1960இல் மருதனார்மடத்தில் தோன்றிய இராமநாதன் இசைக்கழகம் 1975இற் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அண்ணாமலைநகரில் அடிகள் கண்ட காட்சி இவ்வாறு ஈழத்தில் ஈரிடத்திற் கைகூடியுள்ளது. அடிகளுக்குச் சிலை நாட்டுதலினும் இது சிறந்த நினைவுச் சின்னம் என்போம்.

ஆயினும் பல்கலைக்கழகம் பழம் பறிக்கும் இடம். நாற்று நடும் இடம் பாடசாலையே. தேர்வுக்கு இரண்டு திங்கள் இருக்கும்போது முதலிற் கைவிடப்படும் பாடம் எது? இசைப்பாடமே. இசையாசிரியர் ஓய்வுபெற்றால் அவ்விடம் எத்தனை ஆண்டு வெற்றிடமாய்க் கிடக்கின்றது? பரிசளிப்பு விழாவிற் கடவுள் வாழ்த்துப் பாடுதற்கு மாத்திரம் இசை வேண்டும் என்று எண்ணுகின்றோம். இவ்வாறு எண்ணியவர்களின் காலத்திலேதான் யாழும் மறைந்திருக்கும். போரும் புலம்பெயர்வும் எம் தீவுகளில் எத்தனையோ வீடுகளை வெறுமையாக்கின. கேட்பார் இன்றி ஒழிந்த பாட்டுக்கள் எத்தனை என்று கணக்கிடுவார் இலர்.

பழைய மாணவர்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம். கல்லூரி நூலகத்தில் யாழ்நூற் படியொன்று எளிதில் எடுக்கத்தக்க தட்டில் இருத்தல் வேண்டும். இசைக்கூடத்து மேசையிலே தம்புராவுக்கு அருகில் ஒரு சுரமானியும் இருத்தல் வேண்டும். பெருஞ்செலவு வேண்டியதில்லை. இசை கற்கும் பிள்ளை கணக்கையும், கணக்குக் கற்கும் பிள்ளை இசையையும் எட்டிப் பார்க்க அவை வழி செய்யும். இளி எப்படி ஒலிக்கும் என்று நாளை ஒரு மாணவன் கேட்டால், விடை கூறுதற்கு ஓர் ஆசிரியர் அங்கே இருத்தல் வேண்டும். அதுவே விபுலாநந்த அடிகளுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றிக்கடன்.

வாழ்க தமிழிசை! வளர்க எம் கல்லூரி!