மனநோயின் பின்னால் மறைந்திருந்த கிருமியைக் கண்ட நொகுச்சி

இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஐரோப்பிய, அமெரிக்க மனநோய் வைத்தியசாலைகளில் தங்கியிருந்தோரில் கணிசமானோர், ஞாபகமும் பேச்சும் தடுமாறி, உடல் செயலிழந்து, சில வருடங்களில் மரணத்தைத் தழுவியவர்களாவர். சிபிலிஸ் எனும் மேகநோயே இதற்குக் காரணம் எனப் பலர் சந்தேகித்த போதிலும் நேரடிச் சான்று இருக்கவில்லை. அச்சான்றை முன்வைத்தவர் யப்பானிய விஞ்ஞானி ஹிடேயோ நொகுச்சி.

1876 ஆம் ஆண்டு புகுஷிமாப் பிரதேசத்தின் ஏழை விவசாயக் குடும்பமொன்றில் பிறந்த அவர், குழந்தைப் பருவத்தில் வீட்டு அடுப்பில் வீழ்ந்ததால் இடது கை விரல்கள் கருகி ஒட்டிக்கொண்டன. ஆசிரியரும் நண்பர்களும் திரட்டிய பணத்தில் நடைபெற்ற சத்திரசிகிச்சை அக்கையை ஓரளவு மீட்டது. அவ்வனுபவமே அவரை வைத்தியத் துறைக்கு ஈர்த்தது. 1900 இல் அமெரிக்கா சென்ற அவர், 1904 முதல் நியூயோர்க் ரொக்பெல்லர் ஆய்வு நிறுவகத்தில் பணியாற்றினார்.

சிபிலிஸ் கிருமி 1905 இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்டிருந்தது. 1913 இல் நொகுச்சியும் மூர் என்பவரும் இறந்த நோயாளர் 70 பேரின் மூளைகளை ஆராய்ந்தனர். அவற்றுட் சிலவற்றில் அதே கிருமி காணப்பட்டது. தொற்று ஏற்பட்டுப் பல்லாண்டுகள் கடந்தும் கிருமி மூளையில் தங்கியிருப்பது இதனால் நிரூபணமாயிற்று. சித்தப்பிரமை எனக் கைவிடப்பட்ட நோய், சிகிச்சைக்குரிய தொற்றாக மாறியது. 1943 இல் பென்சிலின் அச்சிகிச்சைக்கு வழிதிறந்தது.

எனினும் அவரது வாழ்வு குறையற்றதன்று. சிபிலிஸைக் கண்டறியும் தோற் பரிசோதனையொன்றை, அநாதைச் சிறுவர் உட்பட நோயற்றோரிடமும் அவர்தம் சம்மதமின்றி நடத்தியமை கடும் கண்டனத்துக்குள்ளானது. மஞ்சட் காய்ச்சலுக்கு அவர் காரணமாகக் காட்டிய கிருமியும் தவறானது எனப் பின்னர் தெளிவாயிற்று. அந்நோயை ஆராய ஆபிரிக்கா சென்ற அவர், 1928 மே 21 ஆம் திகதி அக்ராவில் அதே நோய்க்குப் பலியானார்.

இன்று இரத்தப் பரிசோதனையும், முள்ளந்தண்டிலிருந்து எடுக்கப்படும் நீரின் பரிசோதனையும் நரம்பு மண்டலத்தைத் தாக்கிய சிபிலிஸை வெளிப்படுத்துகின்றன. கண்ணைத் தாக்கும் சிபிலிஸில் அந்நீர் வழமையாகவே இருக்கக்கூடும். ஆயினும் சிகிச்சை ஒன்றே. பென்சிலின் 10 முதல் 14 நாட்கள் வரை நாளம் வழியாகச் செலுத்தப்படுகிறது. தாமதித்தால் கிருமி அழிந்தாலும் இழந்த பார்வையும் அறிவாற்றலும் முழுமையாகத் திரும்பாதிருக்கலாம். எனவே வெட்கத்தினால் நோயை மறைப்பதைவிட ஆபத்தானது வேறில்லை. அது ஒழுக்கத்தின் தீர்ப்பன்று, குணப்படுத்தக்கூடிய ஒரு தொற்று என்பதே நொகுச்சியின் ஆய்வு நமக்கு விட்டுச்சென்ற பாடமாகும்.